மூன்றாம் டவரில் சந்தனம்

நல்லசாமியின் சட்டைகளில் வயிற்றுக்கு நேராகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை, தீபாவளிக்கு மகன் எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை என்று எதுவும் தப்பியதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை சுரங்கத்துப் பேட்டரி அறையில் ஆசிட் ஊற்றிய ஆள். ஒரு துளி தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் கொடியில் போடும்போதுதான் அந்த இடத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

"ஊர்ல எல்லா வீட்லயும் துணியப் பூச்சி அரிக்கும். எங்க வீட்ல உத்தியோகம் அரிக்குது" என்பாள் அவர் மனைவி புஷ்பவல்லி.

காங்கயம் பக்கத்திலிருந்து மீசை சரியாக முளைக்காத வயதில் நெய்வேலிக்கு வந்தவர். டவுன்ஷிப்பில் ஒரு கதவைத் திறந்தால் திருநெல்வேலி இருக்கும், பக்கத்துக் கதவில் மதுரை இருக்கும். நாலைந்து வருஷத்தில் எல்லார் பேச்சும் கரைந்து, ஷிப்ட், குவார்ட்டர்ஸ், பிளாக் என்று ஒரே சாம்பாராகிவிடும். நல்லசாமியிடம் ஊர்ப் பேச்சில் மிஞ்சியது கடைசியில் ஒட்டிக்கொண்ட 'ங்க' ஒன்றுதான்.

அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. அதை அவர் வாயால் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டுச் சால்வை போர்த்திய மேலதிகாரி மைக்கில் சொன்னார்: "சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ கூட வாங்காத மனுஷன்." கைதட்டினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகர் வீட்டுக்குக் குடி வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு அந்த வாக்கியத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். காலை ஷிப்ட் சங்கு ஊதும்போது தானாக விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து, போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும்போது அந்த வாக்கியத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இளவேனில் அப்போதுதான் வந்தாள். புதுச்சேரிப் பக்கம் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நரிகளைப் பற்றிப் படிக்கிற பெண். நெய்வேலியில் நரியா என்று கேட்டவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொன்னாள்: நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாகி, மேடு மலையாகி, அதன்மேல் நட்ட மரங்கள் காடாகிவிட்டன. காட்டுக்கு முயல் வந்தது, மயில் வந்தது, அவற்றின் பின்னாலேயே நரியும் வந்து குடியேறிவிட்டது. மலையே இல்லாத ஊரில் மனிதர்கள் குவித்த மலை. அதில் நரிகள் எங்கே தூங்குகின்றன, எந்தப் பக்கம் இரை தேடுகின்றன, குட்டி போட எங்கே ஒதுங்குகின்றன என்று யாருக்கும் தெரியாது.

சில நரிகளைப் பிடித்து, கழுத்தில் சிறு பட்டை மாட்டி விட்டிருந்தார்கள். பட்டை ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கேட்பதற்கு மண்மேடுகளில் நான்கு இடத்தில் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா, இடுப்பளவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கேட்கும் கருவி, அதற்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு மேலே ஒரு சோலார் பேனல். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற ஊர்தான். ஆனால் அந்தக் காட்டுக்குள் ஒரு கம்பி கிடையாது. வெயிலைத்தான் நம்ப வேண்டும். பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இளவேனில் விசாரித்தபோது, டீக்கடையில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள்.

"நரிக்குப் பெட்டி பாக்கறதுக்கா போறீங்க?" என்றாள் புஷ்பவல்லி. "காலம்பூரா மிஷினுக்குப் பாத்தாச்சு. போங்க, அது ஒண்ணுதான் பாக்கி."

ஆனால் அன்றைக்கு அவர் காலைச் சங்குக்கு முன்பே குளித்துவிட்டிருந்தார்.

பேனல்களைத் துடைப்பதற்கு ஒரு காண்ட்ராக்டர் மூலம் செசிலியா வந்தாள். காடாம்புலியூரில் வீடு. கணவர் இருதயசாமி கொத்தனார். நாற்பதைத் தாண்டியவள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து வந்து பேனலில் படியும். வாரம் ஒருமுறை நான்கு டவருக்கும் நடந்து ஏறி, தண்ணீர் தெளித்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு வர வேண்டும். இதற்குமுன் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையில் இருந்தாள். கொட்டைத் தோலிலிருந்து கசிகிற பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. டவர் வேலைக்கு வந்த பிறகு தோல் உரிந்து, உள்ளிருந்து புதுத் தோல் வந்தது. ஒருநாள் கையை விரித்து நல்லசாமியிடம் காட்டினாள்.

"பாருங்கண்ணே, ரேகை தெரியுது. எம்பொண்ணு ஷைனி கேக்கறா, இன்னாம்மா உங்கை பள்ளிக்கூடத்து டீச்சர் கை மாதிரி ஆயிடுச்சின்னு."

வாய் ஓயாது அவளுக்கு. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினாலும் பேச்சு வாங்காது.

"ஏண்ணே, உங்கள மாதிரி மனுசன குவார்ட்டர்ஸ காலி பண்ணுன்னு சொல்றாங்க. நரிக்குப் பாருங்க, மல மேல அலாட்மென்ட்டு."

"அதுக்கும் ரிடையர்மென்ட் உண்டும்மா" என்பார் அவர்.

மூன்றாவதாகப் பட்டை மாட்டிய பெண் நரிக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் எஃப்-மூன்று. "இன்னா பேருங்க இது, பிளாக் நம்பர் மாதிரி" என்று செசிலியா அதை மினுக்கி என்று மாற்றிவிட்டாள். ஒரு சாயங்காலம் மினுக்கி பாதையைக் கடந்துபோனதை இருவரும் பார்த்தார்கள். வாலைத் தாழ்த்தி, ஒருமுறை நின்று, இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. வயிறு கொஞ்சம் இறங்கியிருந்ததாகச் செசிலியா சொன்னாள். கேட்ட இளவேனிலுக்குக் கண் விரிந்தது. மண்மேட்டில் நரி குட்டி போடுகிற இடத்தை யாரும் பார்த்துச் சொன்னதில்லை. மினுக்கி அடிக்கடி போவது மூன்றாம் டவர் பக்கம். அந்தச் சரிவிலிருந்து வருகிற சமிக்ஞை மற்ற டவர்களுக்குக் கேட்காது. "அந்த டவர் மட்டும் கண்ணை மூடாம இருந்தா போதும், ஐயா" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது.

பேட்டரி அறையில் ஆயுத பூஜை என்றால் அது நல்லசாமி பூஜை. வரிசையாக நிற்கிற ஆசிட் நிரப்பிய நூற்றுக்கணக்கான கண்ணாடி ஜாடிகளுக்கும் சந்தனப் பட்டை போட்டுப் பொட்டு வைப்பது அவர் பொறுப்பு. ஆசிட் ஆவியில் சந்தனம் வழிந்துவிடும். அதற்காகச் சந்தனத்தில் கொஞ்சம் தச்சுப் பசை கலப்பார். காய்ந்துவிட்டால் அடுத்த பூஜைவரை அசையாது. "நல்லசாமி வச்ச பொட்டு, சர்வீஸ் புக்ல ஏத்தின மாதிரி" என்பார்கள் அறையில். ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் ஆயுத பூஜையில் அவருக்குப் பொட்டு வைக்க ஒரு மிஷினும் இல்லை. வீட்டு மிக்ஸிக்கும் சைக்கிளுக்கும் வைத்துவிட்டு, கை அடங்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் டவர் இருந்தது.

எவர்சில்வர் டப்பாவில் சந்தனம் குழைத்து, பசை கலந்து, பொரி கடலை, சுண்டலோடு மேடேறினார். அன்று துடைக்கிற நாள். செசிலியாவும் வந்திருந்தாள். ஒன்று, இரண்டு, நான்காம் டவர்களில் பேனல் தலைக்கு மேலே உயரத்தில், கழியில் துணி கட்டித்தான் துடைக்க முடியும். அங்கே பெட்டிக்கு வைத்ததோடு சரி. மூன்றாம் டவர் மேட்டின் உச்சியில் நின்றது. சுற்றிலும் நிழல் விழ ஒரு மரம் இல்லாததால் பேனலை நெஞ்சளவிலேயே பொருத்தியிருந்தார்கள். வானத்தைப் பார்த்துச் சாய்ந்து, கறுப்பாக, மினுமினுவென்று ஒரு பெரிய நெற்றி மாதிரி இருந்தது அது. நல்லசாமியின் கை தானாகப் போயிற்று. கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம். தள்ளி நின்று பார்த்தார். நிறைவாக இருந்தது.

"அழகா இருக்குண்ணே" என்றாள் செசிலியா. "சாமி உங்களுது. சுண்டல் பொதுதான?"

இரண்டு பேரும் கம்பத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. அந்த வருஷம் மேகம் பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. கடனுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஊர்மேல் உட்கார்ந்திருந்தது. நல்லசாமியை இடையில் முட்டிவலி படுக்கப் போட்டது. டவர் பக்கம் போக முடியவில்லை. பேட்டரி புதுசு, பேனலைச் செசிலியா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டார். கார்த்திகை பிறந்த கையோடு ஒரு காலையில் இளவேனில் போன் செய்தாள்.

"ஐயா, மூணாவது டவர் பேசல. மழை மூட்டம்னு நினைச்சு விட்டுட்டேன். விட்டு விட்டுத்தான் வந்துட்டிருந்துச்சு, இப்ப சுத்தமா இல்ல. ஆனா மத்த மூணும் நல்லா இருக்கே."

"நான் போய்ப் பாத்துடறேனுங்க."

"நானும் கிளம்பறேன். மதியம் வந்துடுவேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். பேட்டரி செத்துக் கிடந்தது. பேனலைப் பார்த்தார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. சாம்பல் ஒரு பொட்டு இல்லை, முகம் பார்க்கலாம். கீழே மட்டும் அவருடைய மூன்று விரல் பட்டை, பசையோடு காய்ந்து, கல்லாகி, வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மீட்டரின் கம்பியைப் பேனலில் தொட்டுப் பார்த்தபோதே அவருக்கு விளங்கிவிட்டது. பேனலுக்குள் இருக்கிற சில்லுகள் எல்லாம், கிணற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி வாளி கொடுக்கிற ஆட்கள் மாதிரி, ஒரே வரிசை. ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவனுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரெல்லாம் அங்கேயே நின்றுபோகும். அவர் ஒருத்தனுக்கு அல்ல, கீழ் ஓரத்தில் நின்ற அத்தனை பேருக்குமே கண்ணைக் கட்டிவிட்டிருந்தார். நல்ல வெயிலில் ஏதோ கொஞ்சம் கசிந்திருக்கும். மூட்டத்தில் அதுவும் இல்லை. பேட்டரி ஜாடிக்கு நெற்றி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். பேனலுக்கு நெற்றியே வாய். ஆயுசு முழுக்க பேட்டரியோடு வாழ்ந்தவருக்கு அந்த வித்தியாசம் கைக்கு எட்டவில்லை.

சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசு இருந்தது. அதை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு பலமுறை யோசித்தார். பேனல் வேலை செய்யச் சுரண்டத்தான் வேண்டும், அது சரி. ஆனால் இளவேனில் வந்து பார்த்த பிறகு சுரண்டியிருக்கலாமே. அவசரம் அவசரமாக, பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நகத்தால் கடைசிக் குங்குமத்தைக் கிள்ளி எடுத்து, உதிர்ந்த மஞ்சள் தூளைக் காலால் மண்ணில் தேய்த்து மறைத்தது எதற்கு? பசையில் சிக்கியிருந்த மணல் கண்ணாடியில் மெல்லிய கோடுகளாகக் கீறியிருந்தது. சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மதியம் இளவேனில் மூச்சிரைக்க வந்தாள். "என்ன ஐயா ஆச்சு?"

"பேனல்ல அழுக்குங்க. எடுத்துட்டேன். இப்ப சார்ஜ் ஏறுது."

அது பொய்யில்லை. அதுதான் அவருக்குப் பிற்பாடு பெரிய தொந்தரவாகப் போயிற்று. முழுப்பொய் என்றால் ஒருவேளை நாக்கு தடுக்கியிருக்கும்.

"அழுக்கா? வாரா வாரம் துடைக்கறாங்கன்னுதானே சொன்னாங்க?"

நல்லசாமி பெட்டியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே இறுகியிருந்தது.

இளவேனில் காட்டைப் பார்த்து நின்றாள். கோபம் வந்தால் கத்துகிற பெண் இல்லை அவள். "மினுக்கி எங்க போனாள்னு இனிமே தெரியாது. குட்டி போட்டிருந்தா இந்த நாள்லதான் போட்டிருக்கணும். இத்தனை நாளும் டவர் அரைத்தூக்கத்துல இருந்திருக்கு." பிறகு போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். மூன்றாம் டவருக்கு ஆள் போவதே இல்லை போலிருக்கிறது, வேறு ஆளைப் போடுங்கள் என்றாள். நல்லசாமி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பதற்கு அந்தப் பேச்சில் நிறைய இடம் இருந்தது. ஒவ்வொரு இடமாகக் கடந்துபோயிற்று.

பேட்டரி ஏறியது. டவர் பேசியது. மினுக்கியின் பட்டை மட்டும் பேசவில்லை.

துடைக்க வந்த புது ஆள் பாதி நாள் வரவில்லை. நல்லசாமியே ஏறித் துடைத்தார். முட்டி வலிக்க வலிக்கத் துடைத்தார். வலித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு டவருக்கு ஒரு குடம் தண்ணீர் போதும், இரண்டு குடம் சுமந்தார். மூன்றாம் டவரில் மட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் துடைத்தார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "ஆசிட்டு சட்டையத் தின்னுச்சு, சரி. இப்ப எதுங்க உங்களைத் தின்னுது?" என்று புஷ்பவல்லி கேட்டாள். முட்டி என்றார்.

ஒருநாள் பண்ருட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காடாம்புலியூரில் இறங்கினார். செசிலியா திரும்பிப் போயிருந்த முந்திரிக் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வறுத்த கொட்டையின் புகை வழி காட்டியது. உள்ளே வரிசையாகப் பெண்கள். செசிலியா சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணே. இன்னா இவ்ளோ தூரம்? கால் எப்பிடி இருக்கு?"

"பரவாயில்ல. பண்ருட்டி வரைக்கும் வந்தேன்."

"மினுக்கி கெடச்சாளா?"

"இன்னும் இல்ல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். விரல் நுனிகள் மறுபடி கறுத்திருந்தன. ரேகை தெரியவில்லை.

"எனக்கு மனசே ஆறலண்ணே. ராத்திரி படுத்தா அதே நெனப்பு. நான் எங்க வுட்டேன்னு தெரியல. மூஞ்சி தெரியற அளவுக்குத் தொடச்சிகினுதான் இருந்தேன். ஒரு வாரம் கூடத் தவறல. அந்த மேடம் எவ்ளோ ஆசயா இருந்துச்சு, நம்பளால கெட்டுப்போச்சே." சற்று நிறுத்தி, "உங்க பொட்டுல மட்டும் கை வெக்கல. ஈரத்துணி பட்டா கரஞ்சிடுமேன்னு, துணிய வெரல்ல சுத்திகினு ஓரத்த மட்டும் ஒட்டிகினே எடுப்பேன். பொட்டத் தொடச்சா நல்லாவா இருக்கும்? அடுத்தவங்க சாமி ஆச்சே. அதனால ஒண்ணும் ஆயிருக்காது இல்லண்ணே?"

நல்லசாமி கொட்டகையின் கூரையைப் பார்த்தார். புகை ஓட்டை ஓட்டையாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார்.

இது முழுப்பொய். நாக்கு தடுக்கவும் இல்லை.

"மேடத்துகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. உங்க பேச்சுக்கு மதிப்பு கொடுப்பாங்க. இந்தத் தபா இன்னும் அழுத்தித் தொடைக்கிறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

திரும்பும் பஸ்ஸில் இந்திரா நகரில் இறங்காமல் கடைசிவரை போய்விட்டார். எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார். "பெரியவரே, இதுக்குமேல வண்டி போவாது."

சாயங்காலம், சமையற்கட்டில் உட்கார்ந்து, முதல்முறையாகப் புஷ்பவல்லியிடம் சொன்னார். பசை கலந்ததிலிருந்து கொட்டகைவரை. அவள் அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தபடி கேட்டாள். முடித்ததும் நறுக்கிய தண்டை அள்ளி மோரில் போட்டாள்.

"இத்தனை வருசமும் மெமோ வாங்கலீன்னு சொன்னாங்களே" என்றாள் பிறகு. "அங்கயும் இப்படித்தானுங்களா?"

அவள் குத்திக் காட்டிய மாதிரி தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நல்லசாமி அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்தார். பேட்டரி அறை ஆட்கள் முகம் முகமாக வந்தார்கள். ஜாடி உடைந்த ஒரு நாள், தண்ணீர் வற்றிய ஒரு நாள், காண்ட்ராக்ட் பையன்கள் வேலையை விட்டு நின்ற நாட்கள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் இளவேனிலை மூன்றாம் டவருக்கு வரச் சொன்னார். போனில் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினால்தான் சொன்னதாகும் என்று பட்டது.

கீறல்களைக் காட்டினார். மூன்று வரிசை. "இது நான் சுரண்டினதுங்க. ஆயுத பூஜைக்கு நான்தான் சந்தனம் வச்சேன். பசை கலந்து வச்சேன். செசிலியா பேனலை ஒழுங்காத்தான் துடைச்சிருக்கு. என் பொட்டுன்னு அதை மட்டும் தொடாம விட்டிருக்கு. நீங்க வர்றதுக்குள்ள அவசரமா எடுத்துட்டு, அழுக்குன்னு சொன்னேன்."

இளவேனில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரை வாங்கிப் பேனலில் பொருத்தினாள். அன்று வெயில் இருந்தது. தன் முன்கையைச் சந்தனப் பட்டை இருந்த இடத்தில் குறுக்காக வைத்தாள். எண் சரிந்தது. கையை எடுத்தாள், ஏறியது. மறுபடி வைத்தாள்.

"இவ்வளவு அகலமா?"

"இவ்வளவுதானுங்க."

கையை எடுத்து, படிந்த தூசியைத் தட்டினாள். "சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ரொம்பத்தான் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே ஐயா?"

அவ்வளவுதான். ஒரு திட்டு. சட்டையில் இன்னொரு ஓட்டைகூட விழுந்திருக்காது.

"நான் நின்னுக்கறேனுங்க. வேற ஆள் பாத்துக்கங்க."

"அது உங்களுக்குச் சுலபம்" என்றாள் அவள். "பேட்டரியை யார் பார்ப்பா? இருங்க. நான் செஞ்சதும் தப்பு, ஒரு வார்த்தை அவங்களைக் கேட்காம அனுப்பினேன். காண்ட்ராக்டர்கிட்ட நான் பேசறேன், அவங்ககிட்ட நானும் மன்னிப்புக் கேட்கறேன். ஆனா எதனாலன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க. அதை நான் சொல்ல மாட்டேன்."

மறுபடி காடாம்புலியூர். மறுபடி அந்தப் புகை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வருகிற நேரம் பார்த்து அவள் வீட்டுக்கே போனார். இருதயசாமி நாற்காலி போட்டார். நல்லசாமி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகையில் சொன்ன 'இல்ல' வரை.

செசிலியா ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கு வாய் ஓயாது என்பது நல்லசாமிக்குத் தெரியும். அவள் பேசாமல் நிற்பதை முதல்முறையாகப் பார்த்தார்.

"எதால சொரண்டுனீங்க?" என்றாள் கடைசியில்.

"காசால."

"காசால." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பொட்டு ஓரத்துல துணி பட்டுடக் கூடாதேன்னு மூச்சப் புடிச்சிகினு தொடச்சேன். தெரியாம ஒருவாட்டி பட்டுடுச்சு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து செபம் சொல்லும்போது அதையும் சேத்து மன்னிப்பு கேட்டேன். உங்க சாமிகிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியாம எங்க சாமிகிட்ட கேட்டேன்."

இருதயசாமி, "வுடு செசிலி, பெரிய மனுசன் வூடு தேடி வந்து சொல்றாரு" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, சொம்பை வாங்கிக்கொண்டாள். "எப்பத்திலேர்ந்து வரணும்னு மேடத்த சொல்லச் சொல்லுங்க, சார்."

நல்லசாமிக்கு அந்தக் கடைசிச் சொல் உடனே உறைக்கவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

செசிலியா வேலைக்கு வந்துவிட்டாள். விரல்கள் மெல்ல மெல்ல மறுபடி உரிகின்றன. மினுக்கி இன்னும் அகப்படவில்லை. பட்டை அறுந்திருக்கலாம், மேட்டைவிட்டே போயிருக்கலாம், குட்டிகளோடு எங்காவது நன்றாகவே இருக்கலாம் என்கிறாள் இளவேனில். பொழுது சாய்கிற வேளையில் சரிவில் நரிகள் ஊளையிடும். அதில் மினுக்கியின் குரல் இருக்கிறதா என்று நல்லசாமிக்குத் தெரியாது. பட்டை போட்ட குரலைத் தவிர எதையும் அந்த டவரும் கேட்பதில்லை.

வாரா வாரம் இரண்டு பேரும் மேடேறுகிறார்கள். செசிலியா மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறாள். முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள், வழுக்குகிற இடத்தில் பார்த்து வாங்க சார் என்கிறாள். நரிகளுக்கு அலாட்மென்ட் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாம் டவரில் மேலிருந்து துடைத்துக்கொண்டே வருவாள். கீறல்கள் இருக்கிற இடத்துக்குச் சற்று மேலே துணி நின்றுவிடும்.

"இங்க தொடைக்கலாமா, சார்?"

ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். கேலியா, உண்மையாகவே கேட்கிறாளா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. பதில் வரும்வரை துணியை எடுக்காமல் அப்படியே நிற்பாள்.

"தொடைம்மா" என்கிறார் நல்லசாமி.

அவள் துடைக்கிறாள். கண்ணாடியில் வானம் தெரிகிறது. அதன் குறுக்கே, சாய்ந்து பார்க்கிறவருக்கு மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு மெல்லிய கோடுகள்.